ஒருசந்தி நாளில் பம்பளிமாஸ் சாறு

மருந்துக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

எந்த மருந்தோடு எந்த உணவு ஒத்துவராது என்று ஒரு பட்டியல் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். அந்தப் பட்டியல் உங்கள் கைப்பேசியிலேயே இருக்கிறது. என்னைவிட வேகமாகத் தேடவும் உங்களுக்குத் தெரியும். அதனால் பட்டியலை விட்டுவிட்டு, ஒரே பெண்ணுக்கு நான் இழைத்த இரண்டு தவறுகளைப் பற்றி எழுதுகிறேன். முதல் தவறு அவள் உடம்பைப் படுத்தியது. அது இரண்டு நாளில் சரியாகிவிட்டது. இரண்டாவது தவறு அவள் பெற்ற பிள்ளைகளை அவளிடமிருந்து பிரித்துக் கொண்டுபோனது.

நான் வேலை பார்த்தது ராமேஸ்வரம் தீவில் ஒரு சின்னத் தொண்டு ஆஸ்பத்திரி. மருந்து கொடுக்கும் ஜன்னல் ஒன்றுதான், ஆளும் நான் ஒருத்திதான். முன்கோபக்காரி என்று பெயர் வாங்கியிருந்தேன். வரிசையில் நிற்பவர்கள் என்னிடம் கேள்வி கேட்கப் பயப்படுவார்கள். அதை என் திறமை என்றே ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கேள்வி குறைந்தால் வரிசை சீக்கிரம் நகரும் அல்லவா?

அந்தப் பெண்ணைச் சகாயராணி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. கணவர் விசைப்படகில் போகிறவர். எங்கள் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும். காலையில் போனால் மறுநாள் காலையில் கரை திரும்பும். ஒருமுறை எஞ்சின் நின்றுபோய் அவர் போன படகு இரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்தது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் சகாயராணியின் உடம்பைவிட்டுப் போகவே இல்லை. படகு போகிற நாளெல்லாம் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உலையில் அரிசி போட்டோமா என்பதே மறந்துவிடும். படகு போகாத நாளிலும், நாளைக்குப் போகுமே என்ற நினைப்பு சாயங்காலமே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ராமநாதபுரத்திலிருந்து மாதம் ஒருமுறை மனநல மருத்துவர் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருவார். அவர் பஸ்பிரோன் எழுதினார். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பழக்கமாகிவிடாத மாத்திரை, ஆனால் தினமும் போட்டால்தான் பலன் தரும். "படகு போற நாளைக்கு மட்டும் போட்டா பத்தாதாக்கா?" என்று சகாயராணி கேட்டாள். பத்தாது என்றேன். அதன்பிறகு ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. நான் சொன்னது அவளுக்கு வேதவாக்கு. மூன்று மாதத்தில் முகம் தெளிந்துவிட்டது. எட்டு வயதும் ஐந்து வயதுமாக இரண்டு பெண் பிள்ளைகள். இரண்டுக்கும் தலை பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு வந்து மருந்து வாங்குவாள். இப்போதெல்லாம் பின்னல் கோணாமல் வருகிறது என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். கை நடுக்கம் நின்றதைத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

தவக்காலம் தொடங்கி மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை, பகல் பதினொரு மணி இருக்கும். சகாயராணியை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கூட வந்தவர் அவளுடைய நாத்தனார், கணவரின் அக்கா. மாரியூர்ப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர், தம்பி வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அடுப்படியில் சாய்ந்து கிடந்தவளை அவர்தான் பார்த்துத் தூக்கியிருக்கிறார். கணவர் அன்று காலையில்தான் கடலுக்குப் போயிருந்தார்.

சகாயராணி கண்ணைத் திறக்கிறாள், உடனே மூடிக்கொள்கிறாள். பேச்சு குழறுகிறது. உட்கார வைத்தால் சாய்கிறாள். கட்டிலில் போட்டதும் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். பணியில் இருந்த டாக்டர் படிப்பு முடித்து வந்து ஆறு மாதம்கூட ஆகாதவர். நல்ல பையன். நாடி பார்த்து, ரத்தத்தில் சர்க்கரை பார்த்து, குளுக்கோஸ் ஏற்றச் சொன்னார். நாத்தனார் அவசரத்தில் மாத்திரைக் கவரையும் கையோடு கொண்டுவந்திருந்தார். அது என்னிடம் வந்தது.

"மேடம், எத்தனை குடுத்தீங்க? எத்தனை இருக்கு? சீக்கிரம் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

சீட்டைப் பார்த்தேன், தேதியைப் பார்த்தேன், அட்டைகளை எண்ணினேன். இருக்க வேண்டியதைவிட ஐந்து குறைந்தது. மறுபடியும் எண்ணினேன். ஐந்துதான். என் கண் முன்னால் ஒரு பெண் சுருண்டு கிடக்கிறாள், கையில் ஐந்து மாத்திரை குறைகிறது. ஆட்டோ வந்து நின்றதிலிருந்து எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பதில் தெரிந்தவளாக இருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு.

"அஞ்சு குறையுது டாக்டர். சேர்த்துவச்சு மொத்தமாப் போட்டிருக்கும்" என்றேன்.

மெதுவாகச் சொல்லவில்லை. கட்டிலை மறைத்திருந்த திரைக்கு இந்தப் பக்கம் பெஞ்சில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டில்களில் நான்கு பேர் இருந்தார்கள்.

நாத்தனார் எழுந்து வந்தார். "மொத்தமான்னா? வேணும்னே போட்டாளா?"

அந்த இடத்தில் நான், "தெரியாதும்மா, அவள் விழித்ததும் கேட்போம்" என்று சொல்லியிருக்க வேண்டும். நான்கைந்து வார்த்தைதான். நான் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "அதையெல்லாம் டாக்டர் பாத்துக்குவாரு" என்றேன். இப்படி ஒரு பதிலைக் கேட்கிறவர் ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்வார். நீங்களும் நானும்கூட அப்படித்தான் எடுத்துக்கொள்வோம்.

"ஏ மாதாவே! தவசு நாள்ல இப்புடிப் பண்ணிட்டாளே பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டார் அவர். கொஞ்ச நேரம் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சாகத் துணிஞ்சவ கையில பச்சப் பிள்ளைகள விட்டுட்டு நான் எப்புடிப் போவேன்? அதுகள கூட்டிட்டுப் போறேன். தம்பி வந்தா சொல்லிருங்க" என்று கிளம்பினார். அவர் கெட்டவர் இல்லை. நான் சொன்னது உண்மையாக இருந்திருந்தால் அவர் செய்ததில் ஒரு தவறும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் போய் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

டாக்டர் போலீசுக்கு அனுப்ப வேண்டிய தகவல் தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார். அந்த நேரம் பார்த்து, வாந்தியைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் நிமிர்ந்தார். என் வயதுதான் அவருக்கும்.

"யக்கா, மாத்திரைய மொத்தமா முழுங்கிட்டு வாறவுக வாந்திய நான் எத்தனையோ தடவ அள்ளியிருக்கேன். இதுல மாத்திரைத் துணுக்கு ஒண்ணுகூடக் காணம். பூராம் பழச்சாறு. பம்பளிமாஸு. இந்தா, சுளைத்தொலி கெடக்கு பாருங்க" என்றார்.

"நமக்கு ஏது பம்பளிமாஸ்?" என்று எரிந்து விழுந்தேன்.

"இவ தம்பி மீன் வண்டி ஓட்டுறான்ல. கேரளாவுக்கு லோடு எறக்கிட்டு வாறப்ப, காலி ஐஸ் பெட்டியில போட்டுக் கொண்டாருவான். தெரு பூராம் அவன் குடுத்த பழந்தான்."

போய் மருந்துப் பெட்டியைத் திறந்து, உள்ளே மடித்து வைத்திருந்த தாளை எடுத்துப் பிரித்தேன். கிரேப்ஃப்ரூட் என்று ஒரு மேல்நாட்டுப் பழம். அந்தச் சாற்றோடு பஸ்பிரோன் சேரக் கூடாது என்று மருந்தோடு வரும் தாளிலேயே அச்சடித்திருக்கும். அந்த வரியை எத்தனை தடவை படித்திருப்பேன்! நம் ஊரில் யார் அதைக் குடிக்கப் போகிறார்கள் என்று ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போயிருக்கிறேன். பம்பளிமாஸ் அதற்கு நெருங்கிய உறவு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அது பாடப் புத்தகத்தில் இருந்தது, இந்தப் பழம் மீன் வண்டியில் வந்தது. இரண்டையும் ஒன்று சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

உங்களுக்காக இதை மட்டும் விளக்கிவிடுகிறேன். இந்த மாத்திரையில் பெரும்பகுதி ரத்தத்தில் கலப்பதற்கு முன்பே குடலிலும் ஈரலிலும் உடைந்துபோகும். அப்படி உடைவதை மனதில் வைத்துத்தான் அளவு எழுதுகிறார்கள். கிரேப்ஃப்ரூட்டிலும் பம்பளிமாஸிலும் இருக்கும் ஒரு பொருள், குடலில் நடக்கும் அந்த உடைப்பு வேலையை நிறுத்திவிடும். அப்புறம் ஒரு மாத்திரை போட்டவர் உடம்பில் பல மாத்திரை போட்ட அளவு ஏறும். தலைசுற்றல், மயக்கம், வாந்தி எல்லாம் வரும். காலையில் சாறு, சாயங்காலம் மாத்திரை என்று பிரித்துக்கொண்டாலும் தப்ப முடியாது, அந்தத் தடை ஒரு நாளுக்கு மேலும் நிற்கும். படபடப்புக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கிற வேறு சில மாத்திரைகளுக்கும் இது பொருந்தும். எல்லாப் பழச்சாறும் இப்படிச் செய்யாது. அதனால் எந்தப் பழம் என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

டாக்டரிடம் போய், "நான் சொன்னது தப்பா இருக்கலாம். தாளை எழுதாதீங்க" என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? "இப்பத்தான மேடம் மொத்தமாப் போட்டிருக்கும்னு சொன்னீங்க? நான் அத நம்பி முடிவு பண்ணிட்டேன்" என்றார். பிறகு பேனாவை மூடி வைத்தார். அவள் விழிக்கட்டும், தனியாக வைத்துக் கேட்கிறேன் என்றார். அந்த வயதில் அப்படி நிதானிக்க எனக்குத் தெரிந்திருக்காது.

பிற்பகலில் சகாயராணிக்குத் தெளிவு வந்தது. வார்டில் மற்றவர்களுக்குக் கேட்காதபடி, டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றேன். சாக வேண்டும் என்று எப்போதாவது தோன்றியதா, இன்று அந்த எண்ணத்தில் ஏதாவது செய்தாயா என்று அவர் நேராகவே கேட்டார். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோம் என்று பயப்படாதீர்கள். கேட்காமல் விட்டதால்தான் நான் கெட்டேன்.

அவள் புரியாமல் பார்த்தாள். "நான் எதுக்கு டாக்டர் சாவுறேன்? அவுக நல்லபடியா கரை வரணும்னு ஒருசந்தி இருக்கேன். நான் போயிட்டா அவுகளுக்காக யாரு இருக்கிறது?"

தவக்காலத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு நோன்பு இருப்பதைத்தான் எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர்கள் ஒருசந்தி என்பார்கள். பகலெல்லாம் சோறு தொடமாட்டாள்.

"அஞ்சு மாத்திரை குறையுதே?" என்றேன்.

"அது செபமாலைப் பையில இருக்கும். சாயங்காலம் சிலுவைப்பாதைக்குக் கோயிலுக்குப் போயிருறேன். அங்கனயே போட்டுக்கிறதுக்கு எடுத்து வச்சிருக்கேன்."

பையைப் பிரித்தேன். செபமாலைக்கு அடியில் அட்டையிலிருந்து வெட்டி எடுத்த ஐந்து மாத்திரைகள் இருந்தன.

"பம்பளிமாஸ் சாறு எதுக்குக் குடிச்ச?" என்று கேட்டேன். கேட்டபோது என் குரலில் இன்னும் கொஞ்சம் அதட்டல் மிச்சம் இருந்தது.

"நீங்கதானக்கா சொன்னீக" என்றாள். "ஒருசந்தி இருக்கேன், காலைல மாத்திரைய எப்புடிப் போடன்னு ஜன்னல்ல வந்து கேட்டேன்ல. வெறும் வயித்துல போடாத, ஏதாவது பழச்சாறு குடிச்சிட்டுப் போடுன்னீக. தம்பி பழம் கொண்டாந்தான். நாலு நாளா அதத்தான் குடிக்கிறேன். தல சுத்துச்சு, பட்டினி கெடக்கிறதால இருக்கும்னு நெனச்சு இன்னும் ஒரு டம்ளர் சேத்துக் குடிச்சேன்."

எனக்கு ஞாபகமே இல்லை. இன்றுவரை அந்தக் காட்சியை எவ்வளவு முயன்றும் என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அவளுக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றிருப்பார்கள். தலையைத் தூக்காமல் சொல்லியிருப்பேன். எனக்கு மறந்துபோன ஒரு வாக்கியத்தை அவள் நாலு நாளாக ஒரு வேளை தவறாமல் கடைப்பிடித்திருக்கிறாள்.

"பிள்ளைக பள்ளிக்கூடம் விட்டு வந்திருக்குமே, எங்க இருக்குதுக?" என்று அடுத்துக் கேட்டாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டியவள் நான்தான். சொன்னேன். நாத்தனார் கூட்டிக்கொண்டு போனதையும், ஏன் கூட்டிக்கொண்டு போனார் என்பதையும், அது யார் சொன்ன சொல்லால் நடந்தது என்பதையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற நேரத்தைப்போல அவமானமாக நான் என் வாழ்க்கையில் உணர்ந்ததில்லை.

மறுநாள் காலையில் கணவர் கரை இறங்குவதற்குள் பேச்சு துறைக்குப் போயிருந்தது. வலையிலிருந்து மீன் கழித்துக்கொண்டிருந்தவர்கள்கூட அவரை நிமிர்ந்து பார்த்தார்களாம். உப்புத்தண்ணீர் காயாத சட்டையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்தார். அவரிடமும் ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டவர், "எங்க அக்கா நான் சொன்னா நம்பாது. பொண்டாட்டிக்குப் பரிஞ்சுக்கிட்டு வாறேன்னு சொல்லும். நீங்க வந்து சொல்லுங்க" என்றார்.

போனேன். அவரும் நானுமாக ராமநாதபுரம் போய், அங்கிருந்து சாயல்குடி பஸ் பிடித்து, இறங்கி ஆட்டோவில் போனோம். நாத்தனார் வீட்டு வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று காத்திருக்கலாமா என ஒரு கணம் யோசித்தேன். காத்திருக்கவில்லை, அவர்கள் காதிலும்தானே அந்தச் சொல் விழுந்திருக்கும். நின்றபடியே சொன்னேன். மாத்திரை குறையவில்லை, சகாயராணி ஒன்றும் செய்துகொள்ளவில்லை, பழச்சாறு குடிக்கச் சொன்னது நான், அவள் சாகப் பார்த்தாள் என்று சொன்னதும் நான், இரண்டும் என் தவறு.

நாத்தனார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து நீங்க சொன்னத நம்புனேன். இன்னைக்கு வந்து சொல்றதையும் நம்பணும். நாளைக்கு என்ன சொல்லுவீக?"

கணவர் உள்ளே போய்ப் பிள்ளைகளின் பைகளை எடுத்தார். அக்காவும் தம்பியும் வாசலிலேயே சத்தம் போட்டார்கள். கடைசியில், ஈஸ்டர் முடியட்டும், அவள் உடம்பு தேறியதை நானே வந்து பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறேன் என்று நாத்தனார் சொல்லிவிட்டார். தகப்பன் பிடிவாதமாக இருந்திருந்தால் அன்றே கூட்டி வந்திருக்கலாம். ஆனால் அவருக்கு மறுநாள் கடல். ஊரே இப்படிப் பேசுகையில் உடம்புக்கு முடியாத பெண்ணிடம் தனியே பிள்ளைகளை விட்டுப் போக அவருக்கே மனம் துணியவில்லை. அதை அவர் சொல்லவில்லை. பைகளைத் திரும்பக் கீழே வைத்ததிலிருந்து நான் தெரிந்துகொண்டேன்.

ஈஸ்டர் கழித்துப் பிள்ளைகள் வந்தார்கள். சகாயராணிக்கு மாத்திரையும் ஒத்துக்கொண்டது. வேறு யாராவது என்றால் ஆஸ்பத்திரியையே மாற்றியிருப்பார்கள். அவள் என் ஜன்னலுக்குத்தான் வந்தாள். நான் மாறினேன் என்று பெருமையடித்துக்கொள்ள மாட்டேன். கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனால் ஜூஸ் என்று ஒருவர் சொன்னால் எந்தப் பழம் என்று கேட்காமல் விட்டதில்லை. மாத்திரை ஏன் குறைகிறது என்பதை, மாத்திரைக்குச் சொந்தக்காரரைத் தவிர வேறு யாரிடமும் பேசியதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லப் பழகினேன். முதல் சில தடவை நாக்கில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்த வருடம் மழைக்காலத்தில் நடந்ததையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அன்று பள்ளிக்கூடம் விடுமுறை. சகாயராணி பெரிய பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மருந்தை வாங்கிக்கொண்டு எடை பார்க்கும் அறைக்குள் போனாள். பிள்ளை மட்டும் ஜன்னலுக்கு முன்னால் நின்றது. உயரம் எட்டாமல் நுனிக்காலில் எம்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, அம்மா போன பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டது.

"அத்தை, எங்கம்மா மறுபடியும் சாவணும்னு மாத்திரை போட்டா, நான் ஒடனே யார்ட்ட ஓடி வரணும்?"

நான் ஜன்னலைச் சாத்திவிட்டு வெளியே வந்தேன். வரிசை முணுமுணுத்தது. பெஞ்சில் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அம்மா அப்படி எதுவும் செய்யவில்லை, எப்போதுமே செய்யவில்லை, நான்தான் தெரியாமல் அப்படிச் சொல்லிவிட்டேன் என்று சொன்னேன். அது என் வாயையே பார்த்துக் கேட்டது.

"சத்தியமாவா?"

"சத்தியமா."

"சரி" என்றது. அம்மா எடை பார்த்துவிட்டு வெளியே வந்ததும் எழுந்து ஓடி, அவள் கையிலிருந்த மாத்திரைக் கவரை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டது. சகாயராணி பையின் வாயை விரித்துப் பிடித்தாள். வீட்டில் தினமும் நடப்பதுதான் போலிருக்கிறது.